போர்டு ஒரு ஊர், வண்டி வேறு ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகைக்கு இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்று எங்கள் முக்கில் நிழற்குடை வேண்டும் என்று, இன்னொன்று ஓய்வூதிய பாக்கி பற்றி. இது மூன்றாவது, ஒரு மத்தியானச் சாப்பாட்டைப் பற்றியது. "ஒரு சோத்துக்கா பேப்பருக்கு எழுதப் போறிய?" என்று என் மனைவி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அன்று அவள் வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

நான் ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர். 1986-இல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கழகத்துக்கு நேசமணி போக்குவரத்துக் கழகம் என்று பெயர். 2019-இல் பையைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். அந்த 33 வருடத்தில் பாதிக்கு மேல் மத்தியானச் சாப்பாடு வெளியில்தான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை, எந்த முக்கில் எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சாப்பாட்டில் குறை சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜூலை இரண்டாம் வாரம் என் சம்பந்தி துறையூரிலிருந்து வந்திருந்தார். மகள் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு நாள் தங்குகிற மாதிரி வந்தார். அன்றைக்குப் பார்த்து என் மனைவிக்குக் கண் பரிசோதனைக்கு நாகர்கோவிலில் நாள் குறித்திருந்தது. "கறி வச்சிட்டுப் போறேன்" என்றாள். நான்தான் பெரிய மனிதனாக, "வேண்டாம், முக்கில் மீன் சாப்பாட்டுக் கடை இருக்கு, சம்பந்தியை அங்கே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லப் போவதில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. நாலு பெஞ்சு, ஒரு விறகடுப்பு, பின்பக்கம் ஒரு ஆட்டுரல் என்று ஓர் அண்ணாச்சி நடத்தி வந்தார். அவர் மனைவி, எங்களுக்கு மயினி, அவங்கதான் சமையல். ஒரு மணிக்குப் போனால் இடம் கிடைக்கும், இரண்டு மணிக்குப் போனால் சட்டிதான் கிடைக்கும். குண்டு குண்டாகச் சம்பா அரிசிச் சோறு, மீன் கறி, ஏதாவது ஒரு காய்கறித் துவரன், மோர், கடைசியில் ஒரு மட்டிப்பழம். 2023-இல் நம் மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள் என்று உங்கள் பத்திரிகையில்தான் படித்தேன். அதற்கு எவ்வளவோ முன்பே அண்ணாச்சி அதை இலையோரத்தில் வைத்துக் கௌரவப்படுத்திவிட்டார்.

வாசலில் ஒரு சிலேட்டு தொங்கும். சின்னப் பிள்ளைகள் எழுதுகிற சிலேட்டுதான். அதில் அண்ணாச்சி சாக்பீஸால் அன்றைய மீனின் பெயரை மட்டும் எழுதுவார். சாளை. நெத்திலி. அயலை. என்றைக்காவது பாரை. மீன் சரியில்லை என்றால் "இன்று மீன் இல்லை" என்று எழுதிவிட்டு, உள்ளே போனால், "கருவாடு போட்டுக் கத்திரிக்காயோட கறி வச்சிருக்கு, ஒரு முட்டையும் பொரிச்சுத் தாறேன், போதுமா?" என்று கேட்பார். போதும் என்போம். வேண்டாம் என்று எழுந்து போனவர்களை நான் பார்த்ததே இல்லை.

அண்ணாச்சி காலமான பிறகு கடை மூன்று வருடம் பூட்டிக் கிடந்தது. போன வருடம் வேறு ஒருவர் வாடகைக்கு எடுத்து, டைல்ஸ் ஒட்டி, பழைய பெயரையே பெரிதாக எழுதி மின்விளக்குப் போர்டு வைத்தார். "நாட்டு மீன் சாப்பாடு. அம்மியில் அரைத்த கறி. சம்பா சோறு. வாழை இலை." மற்ற ஊர்களில் வஞ்சிரம் என்கிற நெய்மீன் படம் ஒன்று, அதன் வாயில் ஒரு கறிவேப்பிலைக் கொத்து. இந்தப் போர்டை நம்பித்தான் சம்பந்தியை அழைத்துப் போனேன். போகும் வழியெல்லாம் வேறு அளந்து விட்டேன். துறையூர்க்காரருக்குக் கடல் மீன் பற்றி என்ன தெரியும் என்று ஒரு நினைப்பு. எங்கள் பக்கம் மீன் கறி என்பது தேங்காயில் பிறப்பது. தேங்காய், வத்தல், மல்லி, மஞ்சள், சின்ன உள்ளி எல்லாம் சேர்த்து நைந்து வருகிற மாதிரி அரைத்து, புளி கரைத்து, மண்சட்டியில் கொதிக்க விட்டு, முருங்கைக்காயோ மாங்காயோ போட்டு, மீனைக் கடைசியில் இறக்கி, தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலையைப் பொரித்துக் கொட்ட வேண்டும். தக்காளி பல வீடுகளில் அந்தச் சட்டிப் பக்கமே வராது. விளவங்கோடு பக்கம் போனால் புளிக்குப் பதில் கொடம்புளி என்று ஒரு பாடமே நடத்தினேன். அவரும், "அப்படிங்களா சம்பந்தி, அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

உட்கார்ந்தோம். முதலில் இலை வந்தது. இலை என்றா சொன்னேன்? வாழை இலை மாதிரி பச்சை அச்சடித்த, பளபளப்பான பிளாஸ்டிக் பூச்சுத் தாள். நரம்பு கூட வரைந்திருந்தார்கள். கடைக்குப் பின்னால் பார்த்தால் வாழைத் தோட்டம் தெரிகிறது ஐயா! இந்த மாதிரித் தாள்களை எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தாகிவிட்டது. அந்த வருடம்தான் நான் ஓய்வு பெற்றேன், அதனால் தேதி நினைவிருக்கிறது. சுடுசோறு விழுந்ததும் அந்தத் தாள் லேசாகச் சுருண்டது.

சோறு வெள்ளையாக, மெல்லிசாக இருந்தது. பரிமாறிய பையனிடம், "தம்பி, சம்பா இல்லையா?" என்றேன். "ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் மாமா" என்றான். எங்கள் ஊர்ப் பையன்தான், கல்லூரியில் படிக்கிறான், மத்தியானம் இங்கே வேலை. நல்ல பையன். பிறகு நடந்ததற்கு அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

கறி வந்தது. சிவப்பாக, கெட்டியாக, ஒரு மினுமினுப்போடு. வாயில் வைத்ததும் தக்காளி, வெங்காயம், பாக்கெட் மசாலா. தேங்காய் எங்கே என்று தேடினேன். தேங்காய் விலை எனக்கும் தெரியும். எண்ணெய் விலையும் தெரியும். இரண்டு தேங்காய் அரைக்க வேண்டிய இடத்தில் ஒன்றை அரைத்தார்கள் என்றால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். வீட்டிலும் இப்போது அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அம்மியில் அரைத்த கறி என்று வெளியே எழுதிவிட்டு, உள்ளே அம்மியும் இல்லை, அரைத்த கறியும் இல்லை என்றால் என்ன செய்வது?

அப்புறம் வந்தது பொரித்த மீன். நெய்மீன் என்று கேட்டு, நெய்மீன் என்றே எழுதிக்கொண்டு போய், சிவப்புப் பொடி அப்பிய இரண்டு துண்டைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். நான் கடலோரத்துக்காரன் இல்லை. ஆனால் குளச்சல் வண்டியில் பல வருடம் போனவன். அதிகாலை வண்டியில் மீன்காரப் பெண்கள் சருவம் என்கிற பெரிய பாத்திரத்தோடு ஏறுவார்கள். தண்ணீர் சொட்டும், மற்ற பயணிகள் முணுமுணுப்பார்கள், நாங்களும் அவர்களிடம் சிடுசிடுத்தது உண்டு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண்கள் கோபத்தைக் காட்டாமல், "இது என்ன மீனு சொல்லுங்க பாப்போம் கண்டக்டரே" என்று என்னைச் சோதிப்பார்கள். தப்பாகச் சொன்னால் வண்டியே சிரிக்கும். அப்படித்தான் மீன் படித்தேன். நெய்மீன் துண்டு வட்டமாக இருக்கும், நடுவில் ஒரே முள், தோல் மெல்லிசாக வெள்ளிபோல ஒட்டியிருக்கும். பொரித்தால் சதை இறுகும், பிட்டால் அடுக்கடுக்காக வரும். என் முன்னால் இருந்ததோ முள்ளும் இல்லை, தோலும் இல்லை. விரலை வைத்ததும் ஊறின ரொட்டி மாதிரி அமுங்கியது. வாசனையே கிடையாது. மீனுக்கு வாசனை இல்லாமல் போவது எப்படி என்று நான் அதுவரை யோசித்ததில்லை. பெட்டியில் உறைந்து வருகிற பாசா என்கிற வளர்ப்பு மீன்தான் அது. கெட்ட மீன் என்று சொல்லவில்லை. விலை குறைவு, முள் இல்லை, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் அது நெய்மீன் இல்லை.

பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இது நெய்மீன்தானா?" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த ரச வாளிக்குள் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி குனிந்து பார்த்தான். கடைக்காரர் இதைப் படித்தால் அவனைக் கோபிக்க வேண்டாம், அவன் வாய் திறக்கவே இல்லை.

ரசம் நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். நல்லமிளகு தட்டிப் போட்ட ரசம், இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். குடிக்கச் சீரகவெள்ளம் வெதுவெதுப்பாகக் கொடுத்தார்கள். தரை சுத்தமாக இருந்தது, கை கழுவும் இடத்தில் சோப்பு இருந்தது. அண்ணாச்சி காலத்தில் அந்தச் சோப்பு இருந்ததில்லை.

சம்பந்தி கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு முடித்தார். "எப்படி இருக்கு சம்பந்தி?" என்று பயந்துகொண்டே கேட்டேன். "நல்லாத்தானுங்க இருக்கு" என்றார். அந்த 'தான்' எனக்குள் போய்க் குத்தியது.

பில் வந்தது. ஒரு துண்டுத் தாளில் பேனாவால் எழுதியது. சாப்பாடு இரண்டு 240, மீன் இரண்டு 400, வரி 32, ஆக 672. கடை பெயர் இல்லை, தேதி இல்லை, வரிசை எண் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. ஆனால் வரி மட்டும் இருக்கிறது. ஒரு ரூபாய் டிக்கெட்டுக்கும் எண் போட்ட சீட்டைக் கிழித்துக் கொடுத்து, டிரிப் ஷீட்டில் கணக்கு எழுதி, சில்லறை குறைந்தால் கைக்காசைப் போட்டு ஈடுகட்டியவன் நான். சீட்டுக் கொடுக்காமல் காசு வாங்கினேன் என்று செக்கர் கண்டுபிடித்திருந்தால் அன்றைக்கே என் வேலை போயிருக்கும். ஜிஎஸ்டியில் பதியாத கடை வரி வாங்கவே கூடாது. பதிந்தும் சின்ன வியாபாரிகளுக்கான தொகுப்புத் திட்டத்தில் இருந்தால், அந்த வரியைத் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், சாப்பிடுகிறவர் தலையில் வைக்க முடியாது. முறையாகப் பதிந்து 5 சதவீதம் வாங்குகிற கடை என்றால் பில்லில் அந்த எண் இருக்க வேண்டும். இதுபோக உணவுப் பாதுகாப்புத் துறை கொடுக்கிற 14 இலக்க எண்ணும் 2022 தொடக்கத்திலிருந்து பில்லில் வர வேண்டும். அந்தத் தாளில் இருந்த எண்கள் எல்லாம் நான் கொடுக்க வேண்டிய ரூபாய் மட்டும்தான்.

சம்பந்தியைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கல்லாவில் இருந்தவரிடம் மெதுவாகத்தான் கேட்டேன். சண்டைக்காரன் இல்லை நான். "இது நெய்மீன் இல்லையே தம்பி?"

"தடைக்காலம்லா அண்ணே, கடல் மீனுக்கு எங்க போக?" என்றார்.

இந்தப் பதிலை மாவட்டத்தில் பல கடைகளில் கேட்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு கடலும் முட்டுகிற முனையில் நாம் இருப்பதால், நம் மாவட்டத்துக்கு இரண்டு தடையும் உண்டு. சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடல் கணக்கு. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கடல் கணக்கு. ஆக ஜூலை இரண்டாம் வாரத்தில் குளச்சல் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், சின்னமுட்டத்துப் படகுகளுக்குத் தடை முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இது போக, தடை என்பது மீன் குஞ்சு பொரிக்கிற காலத்தில் விசைப்படகுகளுக்குத்தான். வள்ளம் என்கிற சின்னப் படகுக்காரர்கள் கடல் கொந்தளிக்காத நாட்களில் போய் வருகிறார்கள். சாளையும் நெத்திலியும் சந்தைக்கு வருகின்றன. நெய்மீன் விலை ஏறிக் கிடக்கும் என்பது உண்மை. கடல் மீனே இல்லை என்பது உண்மை இல்லை. நூறு ரூபாய்க்குள் ஒரு சாளைப் புளிமுளக் கறி வைத்துக் கொடுத்திருந்தால் என் சம்பந்தியிடம் தலை நிமிர்ந்து நடந்திருப்பேன்.

"சரி தம்பி, கிடைக்கலைன்னா கிடைக்கலை. அதைப் போர்டுல எழுதலாம்லா?" என்றேன்.

அவர் சிரித்தார். கோபமாக இல்லை, நிஜமாகவே சிரித்தார். "எழுதுனா யாரு அண்ணே உள்ள வருவா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. 672 ரூபாயை எண்ணி வைத்துவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் பதில் வந்தது, திரும்பிப் போய்ச் சொல்ல வெட்கம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் ஓட்டிய காலத்தில் வண்டிக்கு முன்னால் தகரப் போர்டுதான். நாகர்கோவிலிலிருந்து குளச்சலுக்குப் போகிற வண்டி. வழியில் ரோடு வேலை, மறியல், மரம் விழுந்தது என்று ஏதாவது இருந்தால் போர்டை எடுத்துவிட்டுத் 'திங்கள்சந்தை' என்று மாற்றுவோம். மாற்றினால் கூட்டம் குறையும், வசூல் குறையும், டெப்போவில் கேள்வி வரும். இருந்தாலும் மாற்றுவோம். ஒரே ஒரு தடவை, மாற்றச் சோம்பல்பட்டு குளச்சல் போர்டோடேயே போனேன். திங்கள்சந்தையில் எல்லோரையும் இறக்கிவிட்டபோது ஒரு மீன்காரப் பாட்டி காலிச் சருவத்தைத் தரையில் வைத்துவிட்டு, "போர்டு பாத்துத்தானே மக்கா ஏறுனேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சீட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தேன், அவள் வாங்கிக்கொண்டு நடந்து போனாள். வருடம் இருபதுக்கு மேல் ஆகிறது.

அண்ணாச்சியின் சிலேட்டில் 'இன்று மீன் இல்லை' என்று எழுதியிருந்த நாட்களிலும் அந்தக் கடையில் சோறு மிஞ்சியதில்லை. காரணம் வேறொன்றும் இல்லை. இல்லாத நாளில் இல்லை என்று சொன்ன மனிதர், இருக்கிற நாளில் சாளை என்று எழுதினால் அது சாளைதான் என்று எங்களுக்குத் தெரியும். இதுதான் கல்லாவில் இருந்த தம்பிக்கு நான் சொல்ல விட்ட பதில்.

மருமகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுக்குச் சட்டமே இருக்கு" என்றார். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 50-ஆவது பிரிவாம். கேட்ட பொருளின் தன்மையோ தரமோ இல்லாத பொருளை விற்றால் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், சின்னக் கடை என்றால் 25,000 வரை. புகார் அனுப்ப வாட்ஸ்அப் எண்ணும் இருக்கிறதாம். நான் அனுப்பவில்லை. அந்தத் தம்பி கடன் வாங்கித்தான் கடை போட்டிருப்பார். ரசம் வைக்கத் தெரிந்த ஆள் அங்கே இருக்கிறார். பின்னால் வாழை இலை இருக்கிறது. திருந்த முடியாத கடை இல்லை அது. ஆனால் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கன்னியாகுமரியிலும் திற்பரப்பிலும் சுற்றுலாப் பயணிகள் வருகிற சீசனில் மட்டும் சோதனைக்குப் போகாமல், எங்களைப் போன்ற உள்ளூர் முக்குகளுக்கும் வருடத்துக்கு ஒரு தடவையாவது வந்து, எண்ணெயையும் மீன் பெட்டியையும் பார்க்கிற கையோடு போர்டையும் நிமிர்ந்து பார்க்கலாம். அதில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

சம்பந்தி ஊருக்குப் போன பிறகு மகள் போன் பண்ணினாள். "அப்பா, மாமாவை எங்க கூட்டிட்டுப் போனீங்க? கடல் மீனுன்னு ஆசையாப் போனேன், எங்க ஊரு ஏரி மீனே இதைவிடப் பரவாயில்லைன்னு சொல்றாங்க" என்றாள். மீன் பற்றி அவருக்கு நான் பாடம் நடத்தியதையும் சொல்லியிருக்கிறார் போல. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசியது தெரிந்தது. அடுத்த தடவை வீட்டில்தான் சாப்பாடு என்று என் மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள். மேல்முறையீடு கிடையாது.

பரணில் தேடியபோது மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன சிலேட்டு ஒன்று கிடைத்தது. மரச்சட்டத்தில் ஒரு மூலை மட்டும் விட்டிருக்கிறது, ஆணி அடித்தால் சரியாகிவிடும். கடைக்காரத் தம்பி இதைப் படித்துவிட்டுக் கோபப்படாமல் இருந்தால், ஒரு பெட்டி சாக்பீஸும் சேர்த்து நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
இரணியல் அருகில்,
கன்னியாகுமரி மாவட்டம்.